அண்ணனின் அசையாத திரை

என் அண்ணனை அச்சகத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'புள்ளி' என்றுதான் கூப்பிடுவார்கள். இயந்திரத்திலிருந்து ஈரம் காயாமல் வரும் தாளை யாராவது தூக்கிக்கொண்டு அவரைக் கடந்து போனால்கூட, "நில்லு நில்லு, கடைசி வரியில ஒரு புள்ளி விட்டுப்போச்சு" என்பார். எடுத்துப் பார்த்தால் விட்டுத்தான் போயிருக்கும். அப்படி வந்த பெயர் அது. அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். "முதலாளிக்கு அடுத்தபடியா பெரும்புள்ளி நான்தானே" என்று சிரித்துவிடுவார்.

சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டுத்தான் வருவார். பையில் ஒரு பேனா இருக்கும்; அதை எடுத்து அவர் எழுதி நான் பார்த்ததில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் இரண்டு உள்ளங்கைகளையும் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். கல்யாணப் பத்திரிகை, இரங்கல் அறிவிப்பு, பள்ளிக்கூடப் பயிற்சிப் புத்தகம், பில் புத்தகம் என்று எதைக் கொடுத்தாலும் பக்கம் கட்டித் தருவார். இரங்கல் அறிவிப்பு கட்டும்போது மட்டும் பேச்சுக் கொடுக்க மாட்டார். "போனவங்க கடைசியா போடுற சட்டை இது பாப்பா. கசங்கக் கூடாது" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். எனக்கு ஐம்பதை நெருங்கிய பிறகும் அவருக்கு நான் பாப்பாதான்.

அம்மா படுத்துவிட்டதால் நான் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டேன். அவர் மேலே படித்தார். அந்தக் குறை அவர் மனசில் இருந்தது. என் வீட்டுக்காரர் தவறிய பிறகு, முதலாளியிடம் கேட்டு என்னை பைண்டிங் மேசையில் சேர்த்துவிட்டவர் அவர்தான். தாளை மடிப்பதும், பசை தடவுவதும், அடுக்குவதும் என் வேலை. என் மேசையிலிருந்து பார்த்தால் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் முதுகு தெரியும். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே மடிப்பேன். கடவுள் என்னிடமிருந்து எதையெல்லாமோ எடுத்துக்கொண்டாலும், கூடப் பிறந்தவரைக் கண் பார்வையில் வைத்திருக்கிறாரே என்று நினைத்துக்கொள்வேன்.

கண்ணாடி அறையில் இரண்டு மேசைகள். ஒன்று அண்ணனுடையது. இன்னொன்று சேவலண்ணனுடையது. விடிந்தும் விடியாமலும் வந்து ஷட்டரைத் தூக்குகிறவர் என்பதால் அவருக்குச் சேவல் என்று பெயர். சாவி அவரிடம்தான் இருக்கும். வந்ததும் பெருக்கி, எல்லா மிஷினையும் போட்டு, தண்ணீர்க் குடத்தை நிரப்பி வைத்துவிட்டு, எங்கள் பஸ் வருகிற நேரத்துக்கு வாசலில் நிற்பார். "வாடா புள்ளி! இன்னும் கொஞ்சம் தூங்கிட்டு வந்திருக்கலாமே" என்பார். "நீ கூவினது எங்க தெரு வரைக்கும் கேக்கலடா. தொண்டையைக் கவனி" என்பார் அண்ணன். வருஷக்கணக்காகத் தினமும் இதே பேச்சுதான். இருவருக்கும் அலுத்ததே இல்லை.

ஒரு காய்ச்சலில்தான் எல்லாம் ஆரம்பித்தது. காய்ச்சல் விட்டது, கிறுகிறுப்பு விடவில்லை. படுத்தால் கட்டில் சுற்றுகிறது, எழுந்தால் சுவர் சாய்கிறது. காதுக்குள்ளே உடம்பை நிலைநிறுத்துகிற இடத்தில் கோளாறு என்று டாக்டர் சொன்னார். முழுசாகக் குணமாகலாம், ஆகாமலும் போகலாம். "கண்ணுக்கு முன்னாடி அசையுற எதையும் ரொம்ப நேரம் பாக்காதீங்க" என்றார். அண்ணன் பஸ்ஸில் ஜன்னலோர இடத்தை எனக்கு விட்டுவிட்டுக் கண்ணை மூடி உட்கார ஆரம்பித்தார்.

அசைவது பஸ் மட்டும் என்றால் சமாளித்திருக்கலாம். அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் முதலாளி புது கம்ப்யூட்டர்கள் வாங்கியிருந்தார். சிஸ்டம்காரர் ஒருவர் வந்து, எங்கள் எழுத்துகள், எங்கள் விசைப்பலகை, எங்கள் அளவுகள் என்று அச்சகத்துக்கென்றே பார்த்துப் பார்த்துக் கட்டிக்கொடுத்திருந்தார். முதலாளிக்குப் பகட்டும் வேண்டும். வாடிக்கையாளர்கள் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து திரையைப் பார்ப்பார்கள் அல்லவா? அதனால் திரையில் எதைத் திறந்தாலும் பூ விரிவது போல் விரியும். மூடினால் புகை போல் சுருங்கிக் கீழே ஓடி ஒளியும். பட்டியல் ஒன்று வேண்டுமென்றால் மேலிருந்து வழுக்கிக்கொண்டு இறங்கும். பார்க்கிறவர்கள் "அடேயப்பா" என்பார்கள். அண்ணனுக்கு வயிற்றைப் புரட்டும்.

முதல் வாரம் அவர் பின்கட்டுக்கு ஓடி ஓடி வாந்தி எடுத்தது எனக்கும் சேவலண்ணனுக்கும் மட்டும்தான் தெரியும். முதலாளியிடம் சொல்ல அண்ணனுக்குப் பயம். வேலை குறைந்திருந்த காலம் அது. "ரெண்டு மேசைக்கு இங்க வேலை எங்கய்யா இருக்கு?" என்று முதலாளி அடிக்கடி முனகிக்கொண்டிருந்தார். திரையைப் பார்க்க முடியாத ஆளை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வார்கள்? அண்ணனுக்கு வேறு தொழில் தெரியாது. பெண்கள் இரண்டும் படித்துக்கொண்டிருந்தன. அண்ணி துணி தைக்கிறவர். அது அவர் கைச்செலவுக்கே சரியாக இருக்கும். அந்த நாற்காலி போனால் வீடே உட்கார்ந்துவிடும்.

சேவலண்ணன்தான் வழி கண்டுபிடித்தார். மத்தியானம் முதலாளி சாப்பிடப் போன சமயத்தில், அண்ணனைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, எதையெதையோ திறந்து திறந்து உள்ளே போனார்.

"இதுக்குப் பேரு விஷுவல் எஃபெக்ட்ஸ்டா. இந்தா பாரு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு டிக். விரியறதுக்கு ஒண்ணு, வழுக்கறதுக்கு ஒண்ணு, மங்கறதுக்கு ஒண்ணு. எல்லாத்தையும் எடுத்துட்டா மிஷின் நம்ம மிஷின்காரர் மாதிரி ஆயிரும்."

"எப்படி?"

"ஆட்டமும் இருக்காது, பாட்டமும் இருக்காது. குடுத்த வேலையைச் செய்யும்."

பின்னால் அச்சு இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்த மிஷின்காரர், "கேட்டுச்சு, கேட்டுச்சு" என்று குரல் கொடுத்தார். சேவலண்ணன் டிக்குகளை எடுத்துவிட்டு, 'சரி' என்ற பொத்தானை அழுத்தினார். அண்ணன் பயந்து பயந்து ஒரு பக்கத்தைத் திறந்தார். வந்தது, நின்றது. மூடினார், போய்விட்டது. எந்த ஆட்டமும் இல்லை. அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கிற அளவுக்கு அதில் அழுக்கு இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. "ரொம்ப அழாத, விசைப்பலகை கெட்டுப்போயிரும்" என்றார் சேவலண்ணன்.

அன்று வீட்டுக்கு வந்து நான் கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

அதற்குப் பிறகு நாட்கள் நன்றாகத்தான் போயின. ஆனால் நடுநடுவே ஒரு காலையில், அண்ணன் போய் உட்கார்ந்து முதல் பக்கத்தைத் திறந்ததும், அது பழையபடி பூவாக விரியும். அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொள்வார். என் மேசையிலிருந்தே அந்தத் தோள் இறுகுவது தெரியும். சேவலண்ணனின் மனைவிக்குச் சிறுநீரகம் கெட்டுப்போயிருந்தது. வாரத்தில் சில காலைகளில் அவரை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுத் தாமதமாக வருவார். அந்த நாட்களில் முதலாளி வீட்டிலிருந்து மாற்றுச் சாவியை வாங்கி வந்து மிஷின்காரர்தான் ஷட்டரைத் திறந்து எல்லாவற்றையும் போட்டு வைப்பார். சேவலண்ணன் வந்ததும் வராததுமாகப் பையைக்கூட வைக்காமல், "தள்ளு தள்ளு" என்று அண்ணன் மேசைக்குப் போய்ச் சரி செய்துவிடுவார்.

"ஏண்டா இப்படி அப்பப்ப வருது?" என்று அண்ணன் கேட்பார்.

"மிஷின்டா. அதுக்கும் நம்மள மாதிரி சில நாளு தலை சுத்தும். விடு."

சேவலண்ணன் வராத காலையில்தான் அது வந்தது. அதை நேராக யோசித்திருந்தால் விஷயம் அன்றே விளங்கியிருக்கும். அண்ணன் தலைகீழாக யோசித்தார். ஒருமுறை எடுத்த டிக் எடுத்ததுதான். பூட்டிய கதவு தானாகத் திறக்காது. அப்படியானால் யாரோ கை வைக்கிறார்கள். முந்தின நாள் சாயங்காலம் கடைசியாகக் கிளம்புகிறவர் யார்? சேவல். மறுநாள் காலை ஒன்றும் தெரியாதது போலத் தாமதமாக வருகிறவர் யார்? அதே சேவல். இருவரில் ஒருவர்தான் என்று முதலாளி முடிவெடுத்தால் யாருக்கு ஆதாயம்?

பஸ்ஸில் கண்ணை மூடியபடியே இதை அவர் என்னிடம் சொன்னார்.

"அண்ணே, வாயைக் கழுவு. அவரு அப்படிப்பட்டவரா?"

"நானும் அப்படித்தான் நினைச்சேன் பாப்பா. வீட்டுல நோயாளியை வச்சுக்கிட்டு இருக்கான். வேலை போயிருமோன்னு பயம் வந்தா மனுஷன் எதையும் செய்வான். எனக்கே தோணுதே."

"உனக்குத் தோணினா அவருக்கும் தோணணுமா?"

காது கோளாறானதிலிருந்து அண்ணனுக்கு எதைப் பார்த்தாலும் சாய்ந்துதான் தெரிந்தது. மனசும் கூடவே கொஞ்சம் சாய்ந்துவிட்டது என்று இப்போது நினைக்கிறேன்.

பயிற்சிப் புத்தகம் ஒன்று அவசரமாக மிஷினுக்கு ஏற வேண்டியிருந்தது. அன்று முதல் பஸ்ஸைப் பிடித்து நாங்கள் சீக்கிரமே வந்துவிட்டோம். வாசலில் யாரும் நிற்கவில்லை. ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. குனிந்து உள்ளே போனோம். கண்ணாடி அறையில் விளக்கு எரிந்தது. அண்ணனின் நாற்காலியில் சேவலண்ணன் உட்கார்ந்திருந்தார். திரையில் அந்த டிக் பெட்டி திறந்திருந்தது. அதன் பின்னால் ஒரு பக்கம் சுருங்கிப் புகையாக ஓடிக்கொண்டிருந்தது. அவர் கை மவுஸ் மேல் இருந்தது.

"கையும் களவுமா மாட்டிக்கிட்டியா?" என்றார் அண்ணன். அவர் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதே இல்லை.

சேவலண்ணன் திரும்பினார். முதலில் சிரித்தார். தினசரிக் கேலி என்று நினைத்திருக்க வேண்டும். "என்னடா, இன்னைக்குச் சேவலுக்கு முன்னாடியே எழுந்துட்ட?"

"எத்தனை நாளா இந்த வேலை பாக்குற?"

"எந்த வேலை?"

"சாயங்காலம் போட்டுட்டுப் போறதும், காலையில வந்து எடுக்கறதும். நான் வாந்தி எடுக்கறதைப் பாத்தா உனக்கு என்ன சந்தோஷம்?"

சேவலண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. மெதுவாக எழுந்தார். "டேய், உக்காந்து கேளு. இது தானா திரும்பி வருது. தினமும் வருது. நீ வர்றதுக்குள்ள நான் எடுத்து வச்சிருவேன். உன்கிட்ட சொன்னா நீ பயந்து சாவன்னுதான்..."

"தினமும் வருதா? எனக்கே கதை விடுறியா? நீ இல்லாத நாளு மட்டும் வருது. நான் என்ன குழந்தையா?"

"நான் இல்லாத நாளுதான்டா வரும்! யோசிச்சுப் பாரு..."

"யோசிச்சுட்டேன்."

"அண்ணே, அவர் சொல்றதைக் கேளுண்ணே" என்று நான் கையைப் பிடித்தேன். அவர் உதறிவிட்டார். உதறியதில் அவருக்கே தள்ளாடியது. சேவலண்ணன் சட்டென்று கை நீட்டினார். "தொடாத" என்றார் அண்ணன்.

அதற்குள் மிஷின்காரர் வந்துவிட்டார். முதலாளியும் வந்துவிட்டார். அண்ணன் எல்லோர் முன்னாலும் சொன்னார். தன் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தன் மிஷினை இவன் தினமும் கலைத்து வைக்கிறான், தன் வேலையைக் கெடுக்கப் பார்க்கிறான் என்று மட்டும் சொன்னார். சேவலண்ணன் நினைத்திருந்தால் அங்கேயே, "இவனுக்குத் திரையைப் பாத்தாலே தலை சுத்துது முதலாளி, அதுக்குத்தான் நான் தொட்டேன்" என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். சொன்னால் அண்ணனின் நாற்காலி போய்விடும். அவர் அண்ணனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கப் போனேன். வேண்டாம் என்பது போல லேசாகத் தலையை ஆட்டினார்.

"என்னய்யா, பதில் சொல்லு" என்றார் முதலாளி.

"ஒண்ணும் இல்லை முதலாளி" என்று சொல்லிவிட்டுச் சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். தன் மேசையில் இருந்த சீப்பையும் டம்ளரையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். குனிந்து ஷட்டரைக் கடந்து போனார். இரண்டு ஆளில் ஒரு ஆள் தானாகக் குறைந்ததில் முதலாளிக்கு வருத்தமில்லை. கூப்பிடவில்லை.

மறுநாள் காலை மிஷின்காரர் ஷட்டரைத் திறந்தார். அண்ணன் போய் உட்கார்ந்தார், உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டார், பக்கத்தைத் திறந்தார். அது பூவாக விரிந்தது.

அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கண்ணை மட்டும் பாதி திறந்து, சேவலண்ணன் அன்று திரையில் காட்டிய வழியிலேயே தட்டுத்தடுமாறிப் போய் டிக்குகளை எடுத்தார். அதற்கடுத்த நாளும் விரிந்தது. அதற்கடுத்த நாளும். சாவி வேறு ஆளிடம். பழியைப் போட இப்போது யாரும் இல்லை. ஒவ்வொரு காலையும் அந்தத் தோள் இறுகுவதைப் பார்த்தேன். பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு வருவார். தூங்குகிறார் என்று பார்த்தால், மூடிய இமைக்குள்ளே விழி ஓடிக்கொண்டே இருக்கும். வீட்டில் சாப்பாட்டைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுகிறார் என்று அண்ணி சொன்னார். "உங்க அண்ணன் யாருக்கோ பதில் சொல்ற மாதிரி தனியா தலையை ஆட்டிக்கறாரு. என்ன நடந்துச்சு அங்க?" என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். அண்ணி தையல் மிஷின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டார். "அந்த மனுஷன் வீட்டுல இப்ப எப்படி ஓடுதோ" என்றார்.

நான் என் பிரார்த்தனையில் இருவர் பெயரையும் ஒன்றாகச் சொல்ல ஆரம்பித்தேன். முன்பெல்லாம் அண்ணன் பெயரைத் தனியாகச் சொல்வேன்.

பிறகு ஒருநாள் பிரிண்டர் பழுதாகி சிஸ்டம்காரர் வந்தார். கலகலப்பான ஆள். ஸ்க்ரூவைக் கழற்றிக்கொண்டே பாட்டு முணுமுணுப்பார். நான் அப்போது திருத்தம் போட்ட தாள்களைக் கொடுக்கக் கண்ணாடி அறைக்குள் நின்றிருந்தேன். அண்ணன் போகிறபோக்கில் கேட்பது போலக் கேட்டார்: "தம்பி, இந்த விஷுவல் எஃபெக்ட்ஸை எடுத்தா அது ஏன் திரும்பத் திரும்ப வருது?"

"வரத்தாண்ணே செய்யும். நான் அப்படித்தானே கட்டியிருக்கேன்."

"அப்படின்னா?"

"பழைய மிஷின்ல யாரோ எதையோ நோண்டி எழுத்தெல்லாம் மாறிப்போச்சுன்னு முதலாளி குதிச்சாரே, ஞாபகம் இல்லையா? அதுக்காகப் போட்ட பூட்டு. நீங்க என்ன மாத்தினாலும் சரி, அணைச்சுப் போட்டா நான் குடுத்த அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே எழுந்து நிக்கும். உங்க பக்கங்க மட்டும் தனி இடத்துல சேருது, அதனால உங்களுக்கு வித்தியாசம் தெரியல." பாட்டை விட்ட இடத்தில் தொடரப் போனவர், நிறுத்திவிட்டு, "இதை நம்ம சேவலண்ணன் உங்ககிட்ட சொல்லலையா?" என்றார்.

அண்ணன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அவரு எனக்கு போன் பண்ணினாரே. உங்க ஒரு மிஷினுக்கு மட்டும் பூட்டைத் திறந்து மாத்திக் குடுன்னாரு. முதலாளி ஒரு வார்த்தை சொன்னா அஞ்சு நிமிஷ வேலைன்னேன். முதலாளி காதுக்குப் போக வேணாம், காரணம் கேப்பாரு, நானே தினமும் காலையில பாத்துக்கறேன்னாரு. என்னண்ணே, அவரு ஆளையே காணோம்? லீவா?"

என் கையிலிருந்த தாள்கள் நழுவின. அண்ணன் குனிந்து பொறுக்கப் பார்த்தார். குனிந்தால் அவருக்குச் சுற்றும். சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அண்ணே, தண்ணி குடிங்க" என்று சிஸ்டம்காரர் பதறினார்.

எழுந்ததும் அண்ணன் நேராக முதலாளியின் அறைக்குப் போனார். கதவு திறந்தே இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. தனக்கு வந்த நோய், டாக்டர் சொன்னது, வாந்தி, தான் மறைத்தது, சேவல் செய்தது, தான் சொன்ன பழி, ஒன்றையும் விடவில்லை. "என்னை வேணா அனுப்பிருங்க முதலாளி. அவனைக் கூப்பிடுங்க" என்றார்.

முதலாளி கெட்டவர் இல்லை. கஷ்டத்தில் இருந்தவர். கொஞ்ச நேரம் மோவாயைத் தடவிக்கொண்டிருந்தார். "அவன் எங்கயோ குடோன்ல சேந்துட்டான்னு கேள்விப்பட்டேன்யா. மூட்டைக்குச் சீட்டு ஒட்டுற வேலையாம். கூப்பிட்டா ரெண்டு பேருக்கு நான் எங்க போவேன்? அவன் வந்தா நீ போகணும். நீ போனா உன் பொண்ணுங்க? ஏன்யா என்னை இந்தப் பாவத்துல இழுக்கற?" பிறகு சிஸ்டம்காரரைக் கூப்பிட்டு, "இவர் மிஷினுக்கு அந்தக் கருமத்தைப் பூட்டிலிருந்தே எடுத்து விடு" என்றார்.

பாட்டு ஒன்று முடிவதற்குள் வேலை முடிந்துவிட்டது. பூட்டைத் திறந்து, டிக்குகளை எடுத்து, மறுபடி பூட்டினார். அணைத்துப் போட்டார். பக்கம் வந்தது, நின்றது. இனி எந்நாளும் அசையாது. ஒரு வார்த்தையில் தீர்ந்திருக்கக் கூடியது. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லப் பயந்தவருக்கு இப்போது நாற்காலி உறுதியாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை நானும் அண்ணனும் சேவலண்ணன் வீட்டுக்குப் போனோம். மாடி வீடு. வளைந்து வளைந்து ஏறும் இரும்புப் படி. அண்ணன் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கீழே பார்க்காமல், குழந்தை ஏறுவது போல ஏறினார். நான் பின்னாலிருந்து இடுப்பைத் தாங்கிக்கொண்டேன். கதவைத் திறந்தது சேவலண்ணன் மனைவி. கால் வீங்கியிருந்தது. எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பவில்லை. திருப்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "உள்ள வாங்க" என்று நாற்காலியில் இருந்த துணிகளை எடுத்தார்.

சேவலண்ணன் உள்ளேயிருந்து வந்தார். விரல்களில் பசை காய்ந்து உரிந்துகொண்டிருந்தது. என் விரல்களைப் போல.

"வாங்க. உக்காருங்க" என்றார் அண்ணனைப் பார்த்து.

அண்ணன் உட்காரவில்லை. அந்த 'வாங்க' அவரை நின்ற இடத்திலேயே நிறுத்திவிட்டது. இத்தனை வருஷத்தில் 'வாடா' தவிர வேறு ஒன்றை அவர் அந்த வாயிலிருந்து கேட்டதில்லை.

"டேய்..." என்றார். "சிஸ்டம்காரர் சொன்னாரு. எல்லாம் சொன்னாரு. என்னை மன்னிச்சுருடா."

"அதெல்லாம் ஒண்ணும் இல்லங்க. நீங்க இருந்த நிலைமையில உங்களுக்கு அப்படித் தோணிருச்சு. நான் அன்னைக்கே மறந்துட்டேன்."

மறந்தவர் பேச்சாக அது இல்லை. கோபமும் அதில் இல்லை. தெரியாதவருக்கு வழி சொல்வது போல இருந்தது.

"ரெண்டு அடி அடிச்சுருடா" என்றார் அண்ணன். "இப்படிப் பேசாத."

"தங்கச்சி, டீ குடிப்பீங்கல்ல?" என்று என்னிடம் கேட்டார் சேவலண்ணன். குடித்தோம். குடோன் எப்படி இருக்கிறது என்று நான் கேட்டேன். நின்றுகொண்டே செய்கிற வேலை, முட்டிதான் வலிக்கிறது, ஆனால் காலையில் தாமதமாகப் போனால் உள்ளே விடமாட்டார்கள் என்றார். அதனால் மனைவியை ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து வீட்டுப் பெண்தான் கூட்டிப்போகிறாராம். அண்ணன் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது சேவலண்ணன் கேட்டார்: "இப்ப திரை ஆடாம இருக்குல்ல?"

"இருக்கு."

"பூட்டுலயே எடுத்துட்டாங்களா?"

"எடுத்துட்டாங்க."

"நல்லது."

படியில் அண்ணன் தயங்கி நின்றார். இறங்குவது அவருக்கு ஏறுவதைவிடக் கஷ்டம். சேவலண்ணன் முன்னால் இரண்டு படி இறங்கி, அண்ணனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "என் முதுகை மட்டும் பாருங்க. கீழ பாக்க வேணாம்" என்றார். ஒவ்வொரு படியாக இறக்கினார். கீழே வந்ததும் கையை எடுத்துவிட்டார். "பாத்துப் போங்க."

தெருமுனை திரும்பும்வரை அண்ணன் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். சேவலண்ணன் அப்போதே மேலே போய்விட்டிருந்தார்.

இப்போது ஷட்டர் சாவி அண்ணனிடம் இருக்கிறது. முதல் பஸ்ஸில் வந்துவிடுகிறார். நானும் கூடவே வருகிறேன். அவர் பெருக்குகிறார், நான் தண்ணீர் நிரப்புகிறேன். நோய் முழுசாகப் போகவில்லை, மோசமாகவும் ஆகவில்லை. கடவுள் அவரை அந்த அளவில் நிறுத்தி வைத்திருக்கிறார். அண்ணன் இப்போதெல்லாம் கேலி பேசுவதில்லை. புள்ளி என்று மிஷின்காரர் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறார், அவ்வளவுதான்.

சேவலண்ணனின் மேசையில் அந்த இரண்டாவது கம்ப்யூட்டர் அப்படியே இருக்கிறது. வாடிக்கையாளர்களுக்கு மாதிரி காட்டுவதற்காகத் தினமும் அதைப் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறார் முதலாளி. அதன் பூட்டை யாரும் மாற்றவில்லை. அதனால் தினமும் காலையில் அதில் எல்லாம் பூவாக விரியும், புகையாக ஓடும். அண்ணன் தன் மேசைக்குப் போவதற்கு முன் அங்கே போய் நிற்கிறார். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஒரு கண்ணைப் பாதி மூடி, அந்தப் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு டிக்காக எடுக்கிறார். நாற்காலியில் உட்காருவதில்லை.

"அது நாளைக்குத் திரும்பி வந்துருமே அண்ணே. அங்க யாரும் உக்காரவும் இல்லையே" என்று ஒருநாள் கேட்டேன்.

"தெரியும் பாப்பா" என்றார். கடைசி டிக்கையும் எடுத்துவிட்டு, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, தன் மேசைக்குப் போனார்.

நான் தாள்களை மடிக்க ஆரம்பித்தேன்.